தெய்வங்களுக்குப் புதுக் கதை

கிரேக்க தேசத்துத் தெய்வங்களைக் காட்டிலும் துர்ப்பாக்கியசாலிகளான தெய்வங்கள் உலகத்தில் வேறு எங்கேனும் உண்டா என்பது சந்தேகம். இடியைக் கையில் ஏந்திய ஸீயஸ், சமுத்திரத்தை ஆண்ட பொஸைடன், அறிவுக்கு அதிதேவதையான அதீனா ஆகிய இவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் சலவைக்கல் கோயில்களும் உற்சவங்களும் பலிகளும் குறைவற நடந்து வந்தன. கி.பி. 391, 392-ஆம் ஆண்டுகளில் ரோமானியச் சக்கரவர்த்தி தியோடோஸியஸ் பழைய தெய்வ வழிபாட்டைத் தடுத்துச் சட்டம் பிறப்பித்தார். நாளடைவில் கோயில்கள் பாழாயின; சில மாதா கோயில்களாக மாறின. விளக்கேற்ற ஆளில்லாமற் போன அந்தத் தெய்வங்கள் எங்கே போயின? புத்தகங்களுக்குள் போய்க் குடியேறிவிட்டன.

புத்தகத்துக்குள் குடியேறிய தெய்வத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. எழுதுகிறவருடைய பேனா எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் தானும் திரும்பியாக வேண்டும். ஹோமருடைய காவியத்தில் ஸர்ஸி என்று ஒரு தேவதை வருகிறாள். தன் தீவுக்கு வந்த மாலுமிகளைப் பன்றிகளாக மாற்றும் மாயக்காரி அவள். சில பக்கங்கள் வந்து போய்விடுகிறாள். அமெரிக்க எழுத்தாளர் மாடலின் மில்லர் 2018-ல் அவள் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நாவல் எழுதினார். அதில் ஸர்ஸியே தன் கதையைச் சொல்கிறாள். சூரிய தேவனுடைய மகளாகப் பிறந்தும் அரண்மனையில் ஏளனத்துக்கு ஆளானவள். தண்டனையாகத் தனித் தீவுக்கு அனுப்பப்பட்டவள். துணையற்ற பெண் என்று எண்ணித் தீங்கு செய்ய வந்தவர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே மந்திரத்தைக் கையாண்டவள். ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சூனியக்காரி என்று பெயர் வாங்கியிருந்தவள், உலகமெங்கும் வாசகர்களுடைய அநுதாபத்துக்கு இலக்காகிவிட்டாள்.

இதற்கு முன்பே, 2005-ல், கனடா தேசத்து மார்கரெட் அட்வுட் அம்மையார் பெனிலோப்பை அவ்விதம் பேச வைத்தார். யுத்தத்துக்குப் போன கணவன் யுலிஸீஸுக்காக இருபது வருஷம் காத்திருந்த உத்தமி பெனிலோப் என்பது பழைய கதை. கணவன் திரும்பி வந்ததும் வீட்டுப் பணிப்பெண்கள் பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்பதும் அதே கதையில் உண்டு. அதை யாரும் நின்று யோசித்ததில்லை. அட்வுட் அம்மையார் அந்தப் பன்னிரண்டு பெண்களையும் மேடைக்கு அழைத்து, தாங்கள் செய்த குற்றம் என்னவென்று கேட்கும்படி செய்துவிட்டார்.

இவற்றையெல்லாம் படிக்கும்போது நமக்குள் ஒரு கேள்வி எழுகிறது. கிரேக்கத்தில் தெய்வங்களைப் புதிதாக எழுதினால், கோபித்துக்கொள்ள அர்ச்சகர் இல்லை; மனம் நோக பக்தர் கூட்டம் இல்லை. ஆனால் நம் நாட்டில் கதையில் வருகிறவர்களுக்குக் கோயில் இருக்கிறது. அவர்கள் பேரால் விரதம் இருக்கிறவர்கள் அடுத்த தெருவிலேயே இருக்கிறார்கள். இங்கே ஒரு நாவலாசிரியர் அத்தகைய காரியத்தில் இறங்கலாமா? இறங்கினால் தெய்வத்துக்குக் குறைவு வருமா? இதற்கு விடை தேட ஏதென்ஸ் நகரத்துக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால், வழியில் திண்டிவனமும் அதற்கப்பால் விழுப்புரமும் வருகின்றன. இவ்விரண்டு ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களுமே போதுமான விடையை வைத்திருக்கின்றன.

திண்டிவனத்துப் பள்ளிப் பிள்ளை

திண்டிவனம் என்பதற்குப் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். ஊர்ச் சிவபெருமானுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் ஆரம்பத்தில், சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவருடைய பிள்ளை செஞ்சியிலும் திண்டிவனத்திலும் கள்ளக்குறிச்சியிலுமாக ஆரம்பப் படிப்பைப் படித்தான். தகப்பனாருக்கு மாற்றல் ஆகும்போதெல்லாம் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் மாறியது. 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த விருத்தாசலம் என்னும் அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் புதுமைப்பித்தன் என்ற பெயரில் தமிழ்ச் சிறுகதையை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

1943-ல் அவர் 'சாபவிமோசனம்' என்ற கதையை வெளியிட்டார். அகலிகை கல்லாகக் கிடந்ததும் ராமனுடைய பாத தூளி பட்டுப் பெண்ணானதும் குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம். நம்முடைய பாட்டிமார்கள் அந்த இடத்தோடு கதையை முடித்து, குழந்தையைத் தூங்கச் சொல்வார்கள். புதுமைப்பித்தன் அந்த இடத்தில் ஆரம்பிக்கிறார். சாபம் நீங்கினவள் மறுநாள் முதல் எப்படி வாழ்ந்திருப்பாள்? ஊர் என்ன பேசியிருக்கும்? கௌதமர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? இப்படிப் போகிறது கதை. முடிவில், வனவாசம் கழித்துத் திரும்பி வந்த சீதையைச் சந்திக்கிறாள் அகலிகை. சீதை அக்கினியில் இறங்கும்படி நேர்ந்ததைக் கேள்விப்படுகிறாள். தனக்கு விமோசனம் அளித்தவனே தன் மனைவிக்கு அந்தச் சோதனையை ஏற்றினானா என்று அவள் நெஞ்சு கேட்கிறது. மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

பக்தி இல்லாதவர் எழுதிய கதை என்று அதை ஒதுக்கினவர்கள் உண்டு. ஆனால் நிதானமாகப் பார்த்தால், ராமாயணத்தைப் பொய் என்று நினைக்கிறவருக்கு அத்தகைய கதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. அகலிகையை உயிருள்ள பெண்ணாக நம்பினவருக்குத்தான் அவளுடைய இரண்டாவது நாளைப் பற்றிக் கவலை உண்டாகும். கிரேக்கக் கதைகளைப் புதுப்பித்த மேனாட்டு அம்மையார்கள் அந்தத் தொழிலில் கை வைப்பதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே, திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் தமிழில் அதைச் செய்து முடித்துவிட்டார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மேலச்சேரியில் இரண்டாவது பாரதம்

எழுத்தாளருக்கு முந்தியே ஊர் எழுதிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள, திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சிக்குப் போக வேண்டும். மலைக்கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் அதற்கு அருகிலுள்ள மேலச்சேரியைப் பார்ப்பதில்லை. பழைய செஞ்சி என்று சொல்லப்படும் அந்தக் கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலை, இந்தப் பிரதேசத்துத் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் தாய்க் கோயிலாகக் கருதுகிறார்கள். ஆல்ஃப் ஹில்டெபைடல் என்ற அமெரிக்கப் பேராசிரியர், செஞ்சிச் சீமையிலிருந்து குருக்ஷேத்திரம் வரையில் நீளும் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். 1991-ல் இரண்டாம் பாகத்தையும் கொண்டு வந்தார்.

வியாசர் சொன்ன பாரதத்தில் திரௌபதி இமயமலைச் சரிவில் விழுந்து உயிர் நீக்கிறாள். செஞ்சிச் சீமையார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாண்டவ வம்சத்தில் வந்த அரசன் ஒருவன் செஞ்சியை ஆண்ட காலத்தில், நூறு தலை அசுரன் ஒருவன் நாட்டை வருத்தினான் என்றும், அரசன் வேண்டிக்கொள்ளவே திரௌபதி மறுபடியும் அவதரித்து அவனை அழித்தாள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அசுரனுடைய தலையைக் கையில் ஏந்தி நிற்கும் போத்துராஜா அவளுக்குக் காவல்காரர். இன்னொரு காவல்காரரின் பெயரைக் கேட்டால் நேயர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர் முத்தால் ராவுத்தர், முஸ்லிம் வீரர்! வியாசரோ, வில்லிபுத்தூராரோ கனவிலும் கண்டிராத ஒரு பாத்திரத்தைச் செஞ்சிச் சீமையார் தங்கள் பாரதத்தில் சேர்த்து, அம்மன் சந்நிதிக்கு எதிரில் நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். நவாபுகளும் குதிரைப் படைகளும் வந்து போன பூமியில், பாரதமும் காலத்துக்கு ஏற்றவாறு தன் குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டது.

வில்லிபுத்தூரார் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 4,000 விருத்தங்களுக்கு மேல் பாடி, தமிழுக்குப் பாரதம் தந்த அந்தக் கவியும் இந்தப் பக்கத்து மனிதர்தாம். இன்றைய விழுப்புரம், கடலூர் வட்டாரங்களை உள்ளடக்கிய பழைய திருமுனைப்பாடி நாட்டில், சனியூர் அவருடைய ஊர். ஆகவே திரௌபதி இங்கே விருந்தாளி அல்லள். பல நூற்றாண்டுகளாகக் குடியிருப்பவள்.

உற்சவ காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். இரவில் தெருக்கூத்து நடக்கும். விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு, கண் சிவக்க வயல் வேலைக்குப் போகும் ஜனங்களை இந்தக் கிராமங்களில் காணலாம். ஒரு நாள் 'அர்ச்சுனன் தபசு'. நெடிய மரத்தை நட்டு, அர்ச்சுன வேஷக்காரர் பாடிக்கொண்டே அதன் உச்சிக்கு ஏறுவார். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்தை மடியில் ஏந்த, குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடைவையுடன் கீழே காத்திருப்பார்கள். கடைசியில் படுகளம். மைதானத்தில் துரியோதனனுடைய உருவத்தை மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்தியிருப்பார்கள். பீம வேஷக்காரர் தொடையைப் பிளக்க, சிவப்பு நீர் பெருகும். அவிழ்த்த கூந்தலை அன்றுதான் அம்மன் முடிக்கிறாள். சாயங்காலம், காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் அக்கினிக் குண்டத்தில் இறங்குகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சில ஊர்ப் படுகளங்களில் காந்தாரியும் வருகிறாள். இறந்த மகனுக்காக ஒப்பாரி வைக்கிறாள். வெற்றி அம்மனுடையது, கூட்டத்தாரும் அம்மனுடைய பக்தர்களே. ஆனாலும் துரியோதனனைப் பெற்றவளுடைய அழுகைக்கு அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் அழும்போது, சற்று முன் ஆரவாரம் செய்த பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பெரிய நாவலாசிரியர் ஒருவர் நூறு பக்கம் எழுதிச் சாதிக்க வேண்டிய காரியம் இது.

வளவனூர்க்காரர் கொண்டு வந்த 'பருவம்'

இனி விழுப்புரத்துக்கு வருவோம். அங்கிருந்து கிழக்கே புதுச்சேரிக்குப் போகும் ரயில் பாதையில் வளவனூர் என்ற ஊர் இருக்கிறது. எழுத்தாளர் பாவண்ணன் 1958-ல் பிறந்த ஊர் அது. தொலைபேசித் துறையில் உத்தியோகம் பார்த்துக் கன்னட நாட்டில் பல வருஷம் வசித்த அவர், கன்னட பாஷையை நன்கு கற்றுப் பல நூல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். அவற்றுள் தலையாயது 'பருவம்'. அந்த மொழிபெயர்ப்புக்காக 2005-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு அவருக்குக் கிடைத்தது.

மூல நூலான 'பர்வ'த்தை எழுதியவர் எஸ். எல். பைரப்பா. 1979-ல் வெளிவந்து, பல பாஷைகளில் பரவிய அந்த நாவலின் ஆசிரியர் 2025 செப்டம்பரில் காலமானார். மகாபாரதக் கதை முழுவதையும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து தெய்வாம்சத்தை அடியோடு நீக்கிவிட்டு, மிஞ்சிய மனிதர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று காட்டுவதே அவருடைய நோக்கம். இமயமலைப் பிரதேசம் முதலிய இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தும், பழைய நூல்களில் வரும் வழக்கங்களை ஆராய்ந்தும் அதை எழுதினார்.

நாவல் ஆரம்பிக்கும்போது பாண்டவர்களும் இல்லை, கௌரவர்களும் இல்லை. மத்திர தேசத்துக் கிழ அரசனான சல்லியன் தன் குடும்ப விவகாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறான். வரப்போகும் யுத்தம் அந்த வீட்டு வாசலை வந்து தட்டுகிறது. பிறகு குந்தி, திரௌபதி, பீமன் என்று ஒவ்வொருவராகத் தங்கள் நெஞ்சைத் திறக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது, எல்லோருக்கும் ஞாபகங்கள் இருக்கின்றன, ஒருவருடைய ஞாபகம் இன்னொருவருடைய ஞாபகத்தோடு ஒத்துப் போகவில்லை. 'பருவம்' என்ற சொல் பாரதத்தின் பகுதியையும் குறிக்கும். மனிதருடைய வயதையும் குறிக்கும். தமிழ்த் தலைப்பில் இரண்டு பொருளும் ஒருங்கே அமைந்தது நம் பாஷையின் அதிருஷ்டம்.

தேவர்கள் என்ன ஆனார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். பைரப்பாவின் கதையில், தேவர்கள் என்பவர்கள் இமயச் சாரலில் வாழ்ந்த மலை ஜனங்கள். தர்மன் அவர்களுள் நீதி சொல்லும் அதிகாரி. வாயு படைத் தலைவன். இந்திரன் அவர்களுடைய அரசன். பிள்ளை பெற இயலாத பாண்டு, பழைய நியோக வழக்கப்படி குந்தியை அவர்களிடமிருந்து சந்ததி பெறச் செய்கிறான். ராக்ஷஸர்கள் காட்டுவாசிகள். கிருஷ்ணன் மதியூகியான மனிதன். சபையில் துகில் வளர்ந்த அற்புதத்துக்கு இந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. யுத்தம் வந்ததும் சங்கநாதமும் புஷ்பமாரியும் வருவதில்லை. படைக்குச் சோறு போதவில்லை; தண்ணீர் கெட்டுப்போகிறது; பாசறையைச் சுற்றி நாற்றம் எடுக்கிறது; பிணங்களைக் கழுகுகள் சூழ்கின்றன. படித்து முடித்தபின் யுத்தம் என்ற வார்த்தையை யாரும் உற்சாகமாக உச்சரிக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். படுகளம் நடக்கும் பூமியில் பிறந்தவர் பாவண்ணன். அந்தப் பூமி, பாஞ்சால ராஜகுமாரியை அம்மனாக உயர்த்தியது. அவர் தமிழாக்கிய நாவலோ, அம்மனைத் திரும்பவும் பெண்ணாக்கியது. ஒன்று மேலே ஏற்றுகிறது. மற்றொன்று கீழே இறக்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

வீட்டுக்குள் எழும் வழக்கு

இந்த விரோதம் ஆராய்ச்சிக்காரர்களோடு நின்றுவிடுவதில்லை. படித்த குடும்பங்கள் பலவற்றில் இது நடுக்கூடத்து வழக்காகவே இருக்கிறது. கலாசாலையில் படிக்கும் பெண் 'பருவ'த்தை வாங்கி வந்து இரவெல்லாம் படிக்கிறாள். பாட்டியோ வருஷந்தோறும் தீமிதிக்கு மஞ்சள் புடைவை எடுத்து வைக்கிறவள். "தர்மபுத்திரர் யமதர்மராஜனுடைய பிள்ளை இல்லையாமே! இதை அச்சுப் போட்டு விற்க வேறு செய்கிறார்களா?" என்று அவள் மனம் பதைக்கிறாள். "அதனால் என்ன பாட்டி? குந்தி பட்ட கஷ்டம் இப்போதுதானே எனக்குப் புரிகிறது!" என்கிறாள் பேத்தி. இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பாட்டியின் கவலையைச் சிரித்துத் தள்ளுவது தகாது. கிரேக்கத் தெய்வங்களின் கதையை எழுதுகிறவருக்கு இல்லாத பொறுப்பு ஒன்று நம் எழுத்தாளர்களுக்கு உண்டு. ஸீயஸைப் பரிகாசம் செய்தால் யாருடைய விரதமும் கெடாது. ஆனால் திரௌபதியை வெறும் வேடிக்கைக்காகவும் விற்பனைக்காகவும் இழிவாக எழுதினால், அவளை நம்பி நெருப்பில் இறங்கும் ஏழை ஜனங்களை அவமதித்ததாகும். அத்தகைய புத்தகங்களும் எல்லா பாஷைகளிலும் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. அவற்றுக்காக நாம் வாதாடப் போவதில்லை.

பேத்தியின் பக்கத்திலும் பெரிய சாக்ஷிகள் இருக்கிறார்கள். கதையை மாற்றுவது பாவம் என்றால், முதற் பாவிகள் செஞ்சிச் சீமைக் கிராமத்தார்கள்தாம். வியாச பாரதத்தில் அர்ச்சுனன் மகன் அரவான் போர்க்களத்தில் மாண்டான் என்று இருக்கிறது. தமிழ் நாட்டில் அவனைக் களப்பலி ஆக்கினார்கள். கூவாகத்தில் அதற்கும் மேலே போனார்கள். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று யோசித்து, கிருஷ்ணனையே மோகினியாக்கி அவனுக்கு மணம் செய்து வைத்தார்கள். 2019 முதல் கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்துவிட்ட அந்தக் கிராமத்துக்கு, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நாடெங்குமிருந்து திருநங்கைகள் விழுப்புரம் வழியாக வந்து சேர்கிறார்கள். கூத்தாண்டவர் சந்நிதியில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். எந்தச் சபையிலும் இடம் கிடைக்காதவர்களுக்குப் பாரதத்தில் ஓரிடம் ஏற்பட்டது, யாரோ ஊர் பேர் தெரியாத கிராமத்தார் கதையைத் திருப்பிச் சொன்னதால் அல்லவா?

பாரதியாரும் இந்தத் திருப்பிச் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவரே. விழுப்புரத்துக்குச் சமீபத்திலுள்ள புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த காலத்தில் அவர் 'பாஞ்சாலி சபத'த்தை எழுதி, 1912-ல் முதற் பாகத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகம் அவர் காலமானபின் 1924-ல் அச்சேறியது. அடிமைப்பட்ட தேசத்தில் அதைப் படித்தவர்களுக்கு, சபையில் இழுத்து நிறுத்தப்பட்ட பாஞ்சாலி பாரத மாதாவாகவே தென்பட்டாள். பாரதத்தைப் புதுக் கருத்துடன் சொல்லக் கூடாது என்று அன்று யாராவது அவருக்குத் தடை போட்டிருந்தால், தேசம் எவ்வளவு நஷ்டப்பட்டிருக்கும்!

அந்த வழி அடைபடவும் இல்லை. எஸ். ராமகிருஷ்ணன் 2000-ல் 'உபபாண்டவம்' என்ற நாவலில் பாரதத்தின் ஒதுங்கிய பாத்திரங்களைத் தேடிப் போனார். ஜெயமோகன் 2014-ல் 'வெண்முரசு' எழுதத் தொடங்கி, 2020-ல் 26-ஆவது நாவலோடு அதை முடித்தார். மகாபாரதத்தை நாவலாக்குவதில் தமிழ் பாஷை யாருக்கும் பின்வாங்கவில்லை.

ஆகவே, பாட்டிக்கும் பேத்திக்கும் பொதுவாக நாம் சொல்லக்கூடிய அளவுகோல் இது: புதிதாகச் சொல்லப்பட்ட கதை, முன்பு யாருடைய குரல் நம் காதில் விழவில்லையோ அந்தக் குரலைக் கேட்கச் செய்கிறதா? அட்வுட் அம்மையார் பன்னிரண்டு பணிப்பெண்களைக் கேட்கச் செய்தார். புதுமைப்பித்தன் அகலிகையைக் கேட்கச் செய்தார். படுகளத்தில் காந்தாரி கேட்கப்படுகிறாள். 'பருவ'த்தில் குந்தி கேட்கப்படுகிறாள். இந்தப் பரீக்ஷையில் தேறுகிற கதை தெய்வத்தைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று நாம் தர்க்கம் செய்ய வேண்டியதில்லை. அது கேட்கிறவர்களுடைய மனத்தைக் கூட்டுகிறது. மேலே பார்த்த விரோதமும் இந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது. அவளை மேலே ஏற்றின கிராமத்தாரும், கீழே இறக்கின நாவலாசிரியரும், அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறக்கக் கூடாது என்ற ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்.

மேல்பாதிக் கோயிற் கதவு

இவ்வளவும் இலக்கியத்தோடு முடிந்துவிட்டால் நல்லதுதான். ஆனால் இதே ஜில்லாவில் நடந்த ஒரு சம்பவம் நம்மை அப்படி முடிக்க விடுவதில்லை.

விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி கிராமத்தில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023-ல் உற்சவ காலத்தில் அங்கே வழிபடச் சென்ற ஆதிதிராவிட மக்கள் தடுக்கப்பட்டுத் தாக்கப்பட்டார்கள். தகராறு முற்றவே, அவ்வாண்டு ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஹைகோர்ட்டு உத்தரவின் பேரில் 2024 மார்ச்சில் பூஜைக்கு மட்டும் கதவு திறந்தது. ஜனங்கள் உள்ளே போகவில்லை. 2025 ஏப்ரலில், போலீஸ் பாதுகாப்புடன், அந்த மக்கள் கோயிலுக்குள் சென்று அம்மனைத் தரிசித்தார்கள்.

மதுரையில் அ. வைத்தியநாதய்யர் அரிஜன சகோதரர்களை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-ஆம் தேதி. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது 1947-ல். அவற்றுக்கெல்லாம் எழுபது வருஷங்களுக்கு மேல் ஆனபிறகு ஒரு கோயிற் கதவைப் பூட்டி முத்திரையிட நேர்ந்தது என்றால், அது யாருக்கும் பெருமை தருவதன்று. அதிலும் அது எந்த அம்மனுடைய கோயில் என்று நினைக்கும்போது நம் வேதனை இரட்டிக்கிறது.

சபை நடுவில் திரௌபதி என்ன கேட்டாள்? தன்னையே முதலில் தோற்றுவிட்ட ஒருவருக்குத் தன்னைப் பந்தயம் வைக்க என்ன உரிமை என்று கேட்டாள். பீஷ்மர் முதலான பெரியவர்கள் பதில் சொல்லத் தெரியாமல் தலை குனிந்தார்கள். உரிமை யாருக்கு, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே அவளுடைய வழக்கு. அந்த வழக்குக்காகத்தான் அவளை அம்மன் என்று கும்பிடுகிறோம். அவளுடைய வாசலில் நின்றுகொண்டு, இன்னார் வரலாம், இன்னார் வரக் கூடாது என்று சொல்வது, துச்சாதனனுடைய சபையில் ஆசனம் தேடிக்கொள்வதற்குச் சமானம். முத்தால் ராவுத்தரைத் தங்கள் பாரதத்தில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு நெஞ்சம் விரிந்திருந்த முன்னோர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இது அழகா?

இந்த இடத்தில், வளவனூர்க்காரர் செய்த வேறொரு மொழிபெயர்ப்பையும் குறிப்பிடுவது பொருந்தும். கன்னடக் கவி சித்தலிங்கையா, தாம் தீண்டாதார் சேரியில் பிறந்து வளர்ந்த கதையைச் சுயசரிதமாக எழுதினார். பாவண்ணன் அதை 'ஊரும் சேரியும்' என்ற பெயரில் தமிழாக்கினார். துன்பத்திலும் சிரிக்கத் தெரிந்த புத்தகம் அது. 'பருவ'த்தையும் 'ஊரும் சேரியு'மையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு, அரண்மனைச் சபையில் எழுந்த கேள்வியும் கிராமத்துத் தெருவில் எழும் கேள்வியும் ஒன்றே என்பது விளங்கும்.

நேயர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இரண்டு. 'பருவம்' போன்ற நூல்களை வீட்டுக்கு வாங்கி வரப் பயப்பட வேண்டாம். இளம் பிள்ளைகளுக்கு முதலில் ராஜாஜியின் 'வியாசர் விருந்'தைக் கொடுங்கள். வயது வந்தபின் அவர்களே 'பருவ'த்தைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும். பாட்டியும் பேத்தியும் வழக்காடினால் ஆடட்டும். பாரதத்தைப் பற்றிச் சண்டை நடக்கும் வீட்டில் பாரதம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதாக, விழுப்புரம், திண்டிவனம் பக்கம் உறவினர்கள் இருந்தால், உற்சவ காலத்தில் குழந்தைகளோடு ஒரு முறையாவது போய் இரவுக் கூத்தையும் மறுநாள் படுகளத்தையும் பாருங்கள். புத்தகத்தில் படித்தவள் தெருவில் நடந்து வருவதைக் காணும் பாக்கியம் கிரேக்க தேசத்தாருக்கு இல்லாமற் போய்விட்டது, நமக்கு இருக்கிறது.

படுகளம் முடிந்ததும் சில ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. மண்ணால் செய்த அந்தத் துரியோதனனுடைய உருவத்திலிருந்து ஜனங்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போகிறார்கள். வீட்டில் வைத்தால் தானியம் பெருகும் என்பது நம்பிக்கை. பகைவனுடைய உடம்பே பயிருக்கு உரமாகும் இந்த அற்புதமான கற்பனையை எந்தக் கவி முதலில் கண்டாரோ தெரியாது. அந்த மண், ஊரில் உள்ள எல்லாத் தெருக்காரர்களுடைய வீட்டுக்கும் தடையின்றிப் போய்ச் சேரும் நாள்தான் திரௌபதி அம்மன் மெய்யாகவே கூந்தல் முடிக்கும் நாள்.